நாகலையின் மூக்கும் குந்தவையின் பொன்னும்

(படப்பையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி. தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சோழ அரசிகள்'. பொன்னியின் செல்வன் படம் 2022, 2023 என இரண்டு பாகமாக வந்த பிறகு இந்தத் தலைப்புக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. குந்தவை ஸ்டேட்டஸ், குந்தவை மீம், 'முதல் பெண்ணியவாதி குந்தவை' என்று வீடியோக்கள். உங்கள் வட்டத்துத் தோழர் ஒருவரே போனில், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பொண்ணுங்க எவ்வளவு அதிகாரத்தோட இருந்திருக்காங்க, அதைப் பேசுங்க அக்கா" என்றார். பேசுகிறேன். அந்த 'நம்ம' என்ற சொல்லை மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

அந்த அதிகாரம் கற்பனை இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஓர் உத்தரவு போடுகிறான்: நான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், என் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுங்கள். அரசனுக்கு அடுத்த இடம் அக்கனுக்கு. அந்த அக்கன்தான் குந்தவை. வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி, சுந்தரசோழரின் மகள். அவர் கொடுத்த பொன், நகை, செப்புத் திருமேனிகள் என்று கல்வெட்டு நீண்டுகொண்டே போகிறது. தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிமம் செய்து அந்தக் கோயிலுக்குள் வைத்தார். தஞ்சையில் அப்பாவின் பெயரில் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை அமைத்தார். இன்று தாதாபுரம் என்று சொல்லும் ஊரில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தார். போளூர் பக்கம் திருமலையில் இன்றும் குந்தவை ஜினாலயம் இருக்கிறது.

அவருக்கும் முன்னால் செம்பியன் மாதேவி. கண்டராதித்தரின் மனைவி, உத்தமசோழனின் தாய். கணவர் இறந்த பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார்: கோனேரிராசபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல், விருத்தாசலம். திருக்கோடிக்காவலில் பழைய சுவரை இடிக்கும்போது அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். கல்வெட்டு படிக்கிறவள் என்ற முறையில் அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்றைக்குக் குடமுழுக்கு என்ற பெயரில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டுகளைத் தேய்ப்பவர்களை விட அவருக்குப் பொறுப்பு அதிகம்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஆதித்த கரிகாலன் கொலை என்றதும் எல்லோருக்கும் நந்தினி ஞாபகம் வரும். நந்தினி கல்கியின் கற்பனை. உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகள் என்று பெயர் சொல்லி நிலம் பறிமுதல் செய்யப்பட்டவர்கள் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானவர்கள். பிரமாதிராஜன் பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். கல்லில் அதிகாரிகள் இருந்த இடத்தில் கதையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். உலகம் முழுக்க இதே கதைதான். ரோமப் பேரரசன் அகஸ்டஸின் மனைவி லிவியாவை, வாரிசுகளின் சாவுக்குப் பின்னால் நின்றவள் என்று சந்தேகப்பட வைத்து எழுதினார் டாசிட்டஸ். இன்றுவரை சீரியல்களில் லிவியா விஷக்காரி. அரண்மனையில் யார் செத்தாலும் ஒரு பெண்ணின் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும்.

சரி, குந்தவையின் பொன்னுக்கு வருவோம். கோயிலுக்கு அவர் கொடுத்த காசு பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகள் அதைக் கடனாக வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் பலிசை, அதாவது வட்டி, கட்ட வேண்டும். காசுக்கு அரைக்கால் காசு. நம் கணக்கில் 12.5 சதவீதம். சந்திர சூரியர் உள்ளவரை கட்ட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கிற பேச்சே இல்லை. மகளிர் குழுக் கடன் வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும். கடன் வாங்கியது சபை. உழுது நெல்லாக்கியது யார்?

அதற்கும் அதே கோயிலில் பதில் இருக்கிறது. பெரிய கோயிலுக்கு இராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியலில், எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்துக் காட்டுகிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு. ஆமாம், 'தீண்டாச்சேரி' என்ற சொல், அந்த எழுத்துகளிலேயே, 1000 ஆண்டுப் பழசு. யாரும் கோபப்பட்டோ வெறுத்தோ அதை எழுதவில்லை. வருவாய்த்துறைக் குமாஸ்தா கணக்கு எழுதுகிற குரலில் எழுதியிருக்கிறார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2019இல் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித் இராஜராஜன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றிப் பேசியதற்கு வழக்கே போட்டார்கள். எந்த ஊரில், எந்தச் சேரி, எந்தச் சுடுகாடு என்று பிரித்து எழுதி வைத்தவர்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது, அவர்கள் போய்விட்டார்கள். பிரித்த சுடுகாடுதான் இன்னும் போகவில்லை.

ஆக, இந்த அரசிகள் கொடுப்பவர்கள். கொடுப்பதற்கு அவர்கள் கையில் இருந்தது இந்த நிலத்தின் விளைச்சல். இதைச் சொன்னால் 'பெண்ணைத் தாக்குகிறாய்' என்கிறார்கள். இல்லை. நாம் பாதிதான் பார்த்திருக்கிறோம். கொடுத்த இந்தப் பெண்களே கொடுக்கப்பட்டவர்களும்தான்.

இராஜராஜனின் மகள் பெயரும் குந்தவைதான். அவளை வேங்கிக்கு, கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தார்கள். அவள் மகன் இராஜராஜ நரேந்திரன். அவனுக்கு இராஜேந்திரன் மகள் அம்மங்காதேவியைக் கொடுத்தார்கள். அவள் மகனுக்கு இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறையாக ஒரே வாசலுக்குப் பெண் போகிறது. அம்மங்காதேவியின் அந்த மகன்தான் 1070இல் சோழ அரியணையில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். 'சோழ வம்சம், சோழ ரத்தம்' என்று மார்தட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: 1070க்குப் பிறகு அந்த ரத்தம் தாய்வழியில் வந்தது, வேங்கி நாட்டு அப்பாவுக்குப் பிறந்தது. மொழியைத் தாண்டினார்கள், நாட்டைத் தாண்டினார்கள். ஆளும் குலம் என்ற தட்டை மட்டும் தாண்டவில்லை. சூரிய குலம் சந்திர குலத்துக்குக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ரோமில் அகஸ்டஸுக்கு ஒரே மகள், ஜூலியா. வாரிசு வேண்டும் என்பதற்காக அவளை மூன்று முறை கட்டிக் கொடுத்தான்: மார்செல்லஸ், அவன் செத்ததும் தன் தளபதி அக்ரிப்பா, அவனும் செத்ததும் லிவியாவின் மகன் திபேரியஸ். கி.மு. 18இல் அகஸ்டஸே ஒரு சட்டம் போட்டிருந்தான். கற்பு தவறிய மகளையும் அவளுடைய காதலனையும் சில நிபந்தனைகளோடு தகப்பனே கொல்லலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. கி.மு. 2இல் அதே குற்றச்சாட்டு ஜூலியா மீது விழுந்தது. அகஸ்டஸ் அவளைக் கொல்லவில்லை, பந்தாதேரியா என்ற குட்டித் தீவுக்கு நாடு கடத்தினான். தகப்பனுக்குக் கொல்லும் உரிமையைச் சட்டமாக எழுதிக் கொடுத்த வீட்டிலேயே அது வந்து நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரப்போகிறோம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். படப்பையிலிருந்து மணிமங்கலம் எவ்வளவு தூரம்? வண்டியில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியோடு மோதிய இடம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சோழர் காலத்தில் அந்த ஊருக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று உலகமாதேவிச் சதுர்வேதிமங்கலம். உலகமாதேவி இராஜராஜனின் பட்டத்தரசி. திருவிசலூரில் இராஜராஜன் எடைக்கு எடை பொன் கொடுத்தபோது, பொன்னால் செய்த பசுவின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வரும் இரணியகர்ப்பச் சடங்கைச் செய்தவர். ஓர் ஊரைப் பிராமணர்களுக்குக் கொடுத்து அதற்கு அரசியின் பெயரை வைப்பது சோழர்களுக்கு வழக்கம். பெண்ணுக்குக் கிடைத்த கௌரவம்தான், மறுக்கவில்லை. அந்த ஊரின் நிலத்தில் உழுதவளுக்கு எந்தப் பசுவின் வயிற்றிலும் மறுபிறப்பு இல்லை.

மணிமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் மூன்று அரசர்களின் நீளமான கல்வெட்டுகள் இருக்கின்றன. இராஜாதிராஜன், அவன் தம்பி இரண்டாம் இராஜேந்திரன், அடுத்த தம்பி வீரராஜேந்திரன். மூவரும் கங்கைகொண்ட சோழனின் பிள்ளைகள். மெய்க்கீர்த்தி என்றால் என்னவென்று தெரியும்தானே? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாட்டாகச் சொல்வது. இன்றைய கட்அவுட் மாதிரி. ஊர் ஊராகக் கோயில் சுவரில் ஒரே வாசகத்தை வெட்டுவார்கள்.

இராஜாதிராஜனின் 1046ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இலங்கைப் போர் வருகிறது. வீரசலாமேகன் என்ற அரசன் தோற்று ஓடுகிறான். அவனுடைய அக்கா உள்ளிட்ட வீட்டுப் பெண்கள் பிடிபடுகிறார்கள். அவனைப் பெற்ற தாயின் மூக்கை அறுக்கிறார்கள். அந்த அவமானம் தாங்காமல் அவன் திரும்பி வந்து சண்டை போட்டுச் சாகிறான். இது எதிரி எழுதிய புகார் இல்லை, சோழனே பெருமையாக எழுதி வைத்தது. இரண்டாம் இராஜேந்திரனின் கல்வெட்டில் 1054 கொப்பம் போர். சாளுக்கிய அரசனின் யானைகள், குதிரைகள், ஒட்டகங்கள் பிடிபட்ட பட்டியல். அதே பட்டியலில் அவனுடைய தேவியர் சத்தியவ்வை, சங்கப்பை. யானைக்கும் கொடிக்கும் பக்கத்தில் அரசிகள்.

மூன்றாவது வீரராஜேந்திரனுடையது. சாளுக்கியத் தளபதி சாமுண்டராஜனைத் தோற்கடித்து அவன் தலையை வெட்டுகிறார்கள். அதோடு விடவில்லை. அவனுடைய ஒரே மகள், இருகையன் என்பவனின் தேவி, பெயர் நாகலை. மயில் போன்ற சாயல் கொண்டவள் என்று வர்ணித்துவிட்டு, அவள் முகத்திலிருந்து மூக்கை அறுத்ததாகச் சொல்கிறது கல்வெட்டு. முதலில் அழகைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அறுத்ததன் பெருமை கூடும். இந்த வாசகத்தை எழுதியவன் கவிஞன்தான், தொழில் தெரிந்தவன்.

நாகலை எந்தப் போரில் சண்டை போட்டாள்? அவள் பெயர் இந்தக் கல்லில் வருவதற்கு ஒரே காரணம், அவளுடைய மூக்கு அவளுடையதாக இல்லை. அது அப்பாவின் மூக்கு, கணவனின் மூக்கு, அந்தக் குலத்தின் மூக்கு. குந்தவையின் கையில் பொன் இருந்ததற்கும் நாகலையின் முகத்தில் கத்தி விழுந்ததற்கும் ஒரே காரணம்தான் என்று நான் நினைக்கிறேன். இரண்டு பேரும் குலத்தின் மானத்தைச் சுமக்கும் பாத்திரங்கள். தன் வீட்டுப் பாத்திரத்தைப் பொன்னால் பூசுவான், அடுத்தவன் வீட்டுப் பாத்திரத்தை உடைப்பான். சூர்ப்பனகை கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு மூக்கு அறுப்பதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

எதிர்த்தரப்பும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தது. 1007இல் கன்னட நாட்டு ஹொட்டூரில் ஒரு கல்வெட்டு. சோழப் படை வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணரையும் கொன்றது, பெண்களைப் பிடித்துச் சென்று அவர்களுடைய சாதியைக் கெடுத்தது என்று சாளுக்கியர் தரப்பு எழுதுகிறது. எதிரி எழுதியது, கூட்டியே எழுதியிருக்கலாம். எண்ணிக்கையில் கூட்டலாம், பார்வையில் கூட்ட முடியாது. ஒரு பெண்ணைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனால் அவர்கள் கண்ணுக்குக் கெட்டுப்போவது அவள் வாழ்க்கை இல்லை, சாதி.

இந்த இடத்தில்தான் எனக்கு அண்ணல் அம்பேத்கர் தேவைப்படுகிறார். 1916 மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். தன் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்துப்போனால் ஒரு பெண் 'மிச்சமாக' நிற்கிறாள். அவள் வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் வேலி உடைந்துவிடும். அப்போது இரண்டு வழி: கணவனோடு எரித்துவிடு, இல்லையென்றால் காலம் முழுக்கக் கைம்பெண்ணாகப் பூட்டி வை. மனைவியை இழந்த ஆணுக்குச் சின்னப் பெண்ணாகப் பார்த்துக் கட்டி வை. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றையும் ஒரே இயந்திரத்தின் பற்சக்கரங்களாக அவர் பார்த்தார்.

இதைச் சோழ அரண்மனையில் பொருத்திப் பாருங்கள். குந்தவைக்கும் இராஜராஜனுக்கும் அம்மா வானவன்மாதேவி. மலையமான் குலத்துப் பெண். சுந்தரசோழர் காஞ்சியில் பொன்மாளிகையில் இறந்தபோது இவர் தீயில் இறங்கினார். பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது, புகழ்ந்து சொல்கிறது. முன்பு சொன்னேனே, குந்தவை பெரிய கோயிலில் அம்மாவுக்குப் படிமம் வைத்தார் என்று, அது இந்த அம்மாதான். ஒரு மகள் எரிந்துபோன அம்மாவுக்குச் செப்பில் உடம்பு செய்து கொடுக்கிறாள். அதில் அன்பு இருந்திருக்கும். அந்த அன்பு அந்தத் தீயை வழிபாடாகவும் ஆக்கிவிட்டது. நான் அந்தப் படிமத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் நிற்க முடியாமல் தவிக்கிறேன்.

1044இல் இராஜேந்திரன் இறந்தான். அவன் தேவி வீரமாதேவி அவனோடு எரிந்தாள். செய்யாறு பக்கம் பிரம்மதேசம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அவளுடைய உடன்பிறந்தவன், மதுராந்தகப் பரகேசரி வேளான் என்ற சேனாபதி, அவளுடைய தாகம் தீர்வதற்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தான். தீயில் போனவளுக்குத் தாகம் எடுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எரிந்தவர்கள் இரண்டு பேர். எரியாமல் 40 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் செம்பியன் மாதேவி. அம்பேத்கர் சொன்ன இரண்டாவது வழி. அவர் கோனேரிராசபுரத்தில் கோயில் எடுத்தது கணவரின் பெயரால்; கண்டராதித்தர் இலிங்கத்தைப் பூசிப்பதாகச் சிற்பமும் வைத்தார். கைம்பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே கதவு பக்தி. அவர் அந்தக் கதவைக் கோயில் வாசல் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டார். பெரிய ஆள்தான், சந்தேகமில்லை. வேறு கதவு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. மேலே இருப்பவர்கள் செய்வதைக் கீழே இருப்பவர்கள் பார்த்துச் செய்வதால்தான் சாதி பரவியது என்றும் அம்பேத்கர் அதே கட்டுரையில் சொல்கிறார். அரண்மனையில் எரிந்த தீ அரண்மனையோடு நிற்காது.

இந்த அரசிகளைச் சுற்றி இருந்த மற்ற பெண்கள்? பெரிய கோயிலுக்காக நாடு முழுவதும் உள்ள கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் குடியேற்றினான் இராஜராஜன். தெரு, சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்று எல்லாம் சுவரில் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அவர்களைப் பிற்காலத்துத் தேவதாசி முறையோடு அப்படியே ஒட்டிப் பார்க்கக்கூடாது. சொத்து வைத்திருந்தார்கள், தானம் கொடுத்தார்கள். லெஸ்லி ஓர் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர்களைப் படியுங்கள். 'நக்கன்' என்று தொடங்கும். நக்கன் என்றால் சிவன். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாமி பெயர். 'உனக்கு அங்கே போக விருப்பமா' என்று அந்த 400 பேரில் யாரையாவது கேட்டதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை.

இவர்களுக்கும் கீழே வேளம். அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு. போரில் பிடித்துவரப்பட்ட பெண்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. தோற்ற பாண்டியரின் பெண்கள் வேளம் புகுந்ததைக் கலிங்கத்துப்பரணி குதூகலமாகப் பாடுகிறது. தமிழ் வகுப்பில் நம்மை ரசிக்கச் சொன்னார்கள். அங்கே வேலை செய்தவளைக் கல்வெட்டுகள் 'வேளத்துப் பெண்டாட்டி' என்கின்றன. பெண்டாட்டி என்றால் அன்றைக்குப் பணிப்பெண். அந்தச் சொல் எப்படி மனைவிக்கு வந்து சேர்ந்தது என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

ரோமில் லிவியாவின் அடிமைகளுக்கும் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் ஆப்பியன் சாலையில் ஒரு பொதுக் கல்லறை மண்டபம் இருந்தது. 1726இல் தோண்டியபோது நூற்றுக்கணக்கான பெயர்ப்பலகைகள் கிடைத்தன. தலை அலங்காரம் செய்பவள், எண்ணெய் தேய்ப்பவள், துணி பார்ப்பவள், முத்துக் கோப்பவன். ஒரு பேரரசியின் முத்துமாலைக்குப் பின்னால் தனியாக ஓர் ஆள். தஞ்சைச் சுவரும் அந்த மண்டபமும் எனக்குப் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் மாதிரி.

"அக்கா, 1000 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை இன்னைக்கு அளவுகோலால அளக்கலாமா" என்று கேட்பீர்கள். அளக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பெருமை மட்டும் ஏன் இன்றைக்கு வேண்டும்? ஐப்பசிச் சதயம் வந்தால் எத்தனை சாதிச் சங்கங்கள் 'இராஜராஜன் எங்கள் ஆள்' என்று பேனர் வைக்கின்றன. குந்தவை எங்கள் வீட்டுப் பெண் என்றும் சொல்வார்கள். நாகலை எங்கள் வீட்டுப் பெண் என்று ஒரு பேனர் பார்த்திருக்கிறீர்களா? தீண்டாச்சேரியில் இருந்தவள் எங்கள் பாட்டி என்று? அந்தப் பேனரை வைக்கக்கூடிய ஆட்கள் இந்த அறையில் இருக்கிறோம்.

ஜூலியாவை ஞாபகம் வைக்கச் சொன்னேன். 2024 பிப்ரவரியில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பள்ளிக்கரணையில், சாதி மறுத்துத் திருமணம் செய்த ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் அண்ணன் கைது செய்யப்பட்டார். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் அரசி இல்லை. அவள் பெயரில் ஊரோ கோயிலோ இல்லை. ஆனால் குலத்தின் மூக்கு அவள் முகத்தில் இருக்கிறது என்று ஒரு வீடு நம்பியிருக்கிறது. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாம் தெருவில் நிற்கும்போது, 'அதற்கும் சோழ வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பவர்களிடம் மணிமங்கலத்துக்கு வழி சொல்லுங்கள்.

மணிமங்கலத்தின் மூன்று கல்வெட்டுகளும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 28, 29, 30 என்ற எண்களில் அச்சாகியிருக்கின்றன. பிடிஎஃப் இணையத்திலேயே கிடைக்கும். 30ஆம் எண்ணில் நாகலையின் பெயர் வரும் வரியை யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். வாசிப்பவர் பெண்ணாக இருந்தால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. இப்போது கேள்விகளுக்கு வருவோம். கடைசி வரிசையில் அந்தத் தோழர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்.